அரைப் புள்ளி யாருடையது?

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் பட்டணம், இடையில் மலை, மலைக்கு மேற்கே எங்கள் பாலிக் புலாவ். மலாய் மொழியில் அப்பெயருக்குத் தீவின் பின்புறம் என்று பொருள். டுரியானுக்கும் சாதிக்காய்க்கும் பெயர்போன இவ்வூர் சதுரங்கத்திற்குப் பெயர்போனதன்று. எனினும், வாரம் ஒரு மாலை கூடி ஆடும் சிறு கூட்டம் ஒன்று இங்கும் உண்டு. அக்கூட்டத்தைச் சேர்ந்த நால்வர் சென்ற ஆண்டு பட்டணத்தில் நடந்த ஓர் அணிப் போட்டியில் கலந்துகொண்டார்கள். அவர்களுக்குக் குழுத்தலைவனாகச் சென்றவன் நான். அங்கே கடைசிச் சுற்றில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். நிகழ்ச்சி சிறிதுதான், அது எழுப்பும் கேள்வி சிறிதன்று. சங்கம் நடத்துவோர், சங்கத்தில் சேர்ந்திருப்போர், சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்போர் ஆகிய எல்லாருக்கும் உரிய கேள்வி அது. ஆகவே, சதுரங்கம் அறியாத நேயர்களும் சற்றுப் பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

சதுரங்கம் தனிமனிதன் ஆட்டம் என்றே நம்மில் அநேகர் கருதுகின்றனர். பந்தாட்டத்தில் ஒருவன் மற்றொருவனுக்குப் பந்தைக் கொடுக்கலாம். சதுரங்கத்தில் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது. பலகைக்கு ஒருவன், எதிரே ஒருவன், பக்கத்தில் கடிகாரம், அவ்வளவே. ஆயினும், இந்த ஆட்டத்திலும் அணி உண்டு. ஓர் ஊரார் நால்வரும் மற்றோர் ஊரார் நால்வரும் வரிசையாக எதிரெதிரே அமர்வர். வென்றவருக்கு ஒரு புள்ளி. எவரும் வெல்லாமல் சமனாய் முடிந்தால், அதாவது எல்லாரும் 'டிரா' என்று சொல்கிறார்களே அவ்வாறு முடிந்தால், ஆளுக்கு அரைப் புள்ளி. நான்கு பலகைகளின் புள்ளிகளையும் கூட்டி, இரண்டரை பெற்ற அணி பந்தயத்தை வென்றதாகும். இரண்டரைக்கும் நான்கிற்கும் வேறுபாடில்லை, வெற்றி வெற்றியே.

இனி, நடந்ததைக் கூறுகிறேன். ஐந்தாம் சுற்றில் எங்கள் அணி இரண்டு பலகைகளில் வென்று, ஒன்றில் தோற்றிருந்தது. மூன்றாம் பலகை மட்டும் மீதி. அதில் ஆடியவள் பதினைந்து வயதுச் சிறுமி. தகப்பனார் லாரி ஓட்டுகிறவர். பாட்டி செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அச்சிறுமி அதற்கு முன் நடந்த நான்கு சுற்றுகளிலும் வென்றிருந்தாள். ஐந்தாவதையும் வென்றால், மூன்றாம் பலகைக்குரிய தனிப் பரிசுக்கு அவளுக்கு முழு உரிமை உண்டாகும். பலகையில் அவளுக்கு ஒரு சிப்பாய் அதிகம். நிலையும் அவளுக்கே சாதகம். கடிகாரத்தில் நேரம் மட்டும் குறைவு. அணிக்கு வேண்டியதோ அரைப் புள்ளிதான்.

நடுவர் அருகில் நிற்க, நான் அவளிடம் சென்று, "சமன் கேள், அம்மா" என்றேன்.

அவள் பலகையிலிருந்து கண்ணெடுத்து என்னைப் பார்த்தாள். "ஐயா, நான் தோற்றுவிடுவேன் என்று நினைக்கிறீர்களா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஏன் கூடாது என்பதைப் பின்னர் விளக்குவேன். சிறிது நேரம் கழித்து அவள் சமன் கேட்டாள். எதிரில் இருந்தவர் உடனே ஏற்றுக்கொண்டார். நாங்கள் இரண்டரைக்கு ஒன்றரை என்று வென்றோம். தனிப் பரிசு, ஐந்தும் வென்ற வேறொருவருக்குப் போயிற்று. மலைப்பாதை வழியாக ஊர் திரும்பும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை. வண்டியில் மற்றவர்கள் மகிழ்ந்து பாடிக்கொண்டு வந்தார்கள்.

அந்த அரைப் புள்ளி யாருடையது? அவள் இழந்த மற்றோர் அரைப் புள்ளி யாருடையது? இதுவே கேள்வி.

"இதில் கேள்வி என்ன இருக்கிறது? சங்கத்தின் சார்பில் ஆட வந்தவள் சங்கத்தின் நன்மையைத்தானே பார்க்க வேண்டும்?" என்று ஒரு சாரார் கூறுவர். "அவள் மூளை, அவள் உழைப்பு, அவள் வெற்றி, அதைக் குறைக்கச் சொல்ல நீர் யார்?" என்று மற்றொரு சாரார் கேட்பர். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆகவே ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ளாமல், இரண்டையும் ஆராய்வதே அறிவுடைமை.

முதற்கண், சங்கத்தின் பக்கத்தைப் பார்ப்போம். தனிமனிதன் தன் பங்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடாமல் எந்தக் கூட்டு முயற்சியும் உலகில் நடந்ததில்லை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் செய்த வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும் என்று கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் இழிந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனும் மக்களிடம் கேட்டது என்ன? அன்றாடக் கூலியை இழக்கச் சொன்னார்கள். இழந்தவர்களுள் நன்றாக வேலை செய்து நல்ல பெயர் எடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். "நான் தனியாகப் போய்த் துரையிடம் பேசினால் எனக்கு நன்மை கிடைக்குமே" என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தால் வேலைநிறுத்தம் ஏது? தன்னால் வெல்லக்கூடியதை வெல்லாமல் நிறுத்திக்கொள்வது சில வேளைகளில் கோழைத்தனமன்று. அதுவே ஆண்மையும் பெண்மையும் ஆகும்.

சதுரங்க உலகிலேயே இதற்குச் சான்று தேடுவோருக்கு நம் தீவே ஒன்று தரும். ஆசிய நாடுகளின் அணிச் சாம்பியன் போட்டி முதன்முதலாக நடந்தது 1974-ஆம் ஆண்டில், இதே பினாங்கில். வென்றது பிலிப்பைன்ஸ். அந்நாட்டு யூஜினியோ டோரே அதே ஆண்டில் ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆனால் அணிப் போட்டியின் கோப்பையில் பொறிக்கப்படுவது ஒருவர் பெயரன்று, நாட்டின் பெயர். கடைசிப் பலகையில் யாரும் கவனியாத ஒருவர் எடுத்த அரைப் புள்ளியும் முதற் பலகையின் முழுப் புள்ளியும் ஒரே பையில்தான் விழுகின்றன.

மேலும், புள்ளிக் கணக்கை மாற்றினால் கடமையும் மாறுகிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். உலகச் சதுரங்க ஒலிம்பியாடில் முன்னாளில் எல்லாப் பலகைகளின் புள்ளிகளையும் கூட்டியே நாடுகளை வரிசைப்படுத்தினார்கள். அப்போது ஒருவர் எடுக்கும் ஒவ்வோர் அரைப் புள்ளியும் நாட்டுக்கு நேராகப் பயன்பட்டது. வெல்லக்கூடியதை வெல்வதே அணிக்கும் நன்மை. 2008-ஆம் ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நடந்த ஒலிம்பியாட் முதற்கொண்டு, பந்தயத்தை வென்றால் இரண்டு, சமனானால் ஒன்று என்னும் கணக்கு வந்தது. அதன்பின், இரண்டு புள்ளிகள் எடுத்துவிட்ட அணிக்கு நான்காம் பலகையில் வேண்டியது அரைப் புள்ளியே. அதற்குமேல் எடுப்பது பெரும்பாலும் ஆடுபவரின் தனிப் புகழுக்கே. ஆகவே எனக்கு வெற்றி, அணிக்கு வெற்றி என்னும் இரண்டும் எப்போதும் ஒன்றே என்று சொல்ல முடியாது. அவை பிரியும் இடம் ஒன்று உண்டு. எங்கள் சிறுமி அமர்ந்திருந்தது அந்த இடத்திலேதான்.

நிற்க. மற்றொரு பக்கத்தையும் பார்ப்போம். ஜெர்மானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், மனிதனை வெறும் கருவியாக மட்டும் எவரும் நடத்தலாகாது என்று நிலைநாட்டினார். மனிதன் பிறருக்குப் பயன்படலாகாது என்று அவர் கூறவில்லை. நாம் எல்லாரும் ஒருவருக்கொருவர் பயன்பட்டே வாழ்கிறோம். பயன்படுத்துகையில் அவனும் நம்மைப்போல் எண்ணுகிறவன், தன் காரியத்தைத் தானே தீர்மானிக்க உரியவன் என்பதை மறவாதே என்பதே அவர் கருத்து.

தோட்டத்து மக்களுக்கு இதைக் காண்டிடம் போய்க் கற்க வேண்டியதில்லை. கங்காணி முறையை நம் பாட்டன்மார் அனுபவித்து அறிவார்கள். கங்காணி அயலான் அல்லன். நம் ஊரான், நம் மொழியான், பல வேளைகளில் உறவினன். அவனே ஆளைத் திரட்டினான், அவனே கப்பலேற்றினான், விடியற்காலைப் பெரட்டில் நின்ற தலைகளை எண்ணித் தலைக்காசும் பெற்றான். "உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும், நீ பேசாமல் வா" என்பதே அவன் பேச்சு. 1938-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாட்கள் அனுப்புவதைத் தடைசெய்தபோது அந்த ஆள்திரட்டல் ஓய்ந்தது. ஆனால் அந்தப் பேச்சு ஓய்ந்ததா? சங்கத் தலைவர் வாயிலும், சாதித் தலைவர் வாயிலும், வீட்டிலே தகப்பன் வாயிலும் அதே பேச்சு இன்னும் கேட்கவில்லையா? எல்லாருடைய நன்மைக்கும் என்று சொல்லி ஒருவனை எண்ணவிடாமல் செய்வது நமக்குப் பழகிப்போன தீமை. அதனால்தான் சங்கத்திற்காக விட்டுக்கொடு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் இளைஞருக்கு ஐயம் எழுகிறது. எழுவது நியாயமே.

ஆயின், கிள்ளான் வேலைநிறுத்தத்திற்கும் கங்காணியின் பெரட்டுக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? இரண்டிலும் கூட்டம் உண்டு. இரண்டிலும் தலைவன் உண்டு. இரண்டிலும் ஒருவன் தன்னுடையதை விடுகிறான். வேறுபாட்டை எனக்குக் காட்டியது சதுரங்க விதியே.

உலகச் சதுரங்கச் சம்மேளனம் அணிப் போட்டிகளுக்கென வகுத்து, நெடுங்காலம் வழங்கிவந்த விதி ஒன்று உண்டு. எங்கள் போட்டியிலும் அதையே கைக்கொண்டார்கள். குழுத்தலைவன் தன் ஆட்டக்காரரிடம் 'சமன் கேள்' என்றோ, 'சமனை ஏற்றுக்கொள்' என்றோ, 'ஆட்டத்தை விட்டுக்கொடு' என்றோ சொல்லலாம். 'எதிரி சமன் கேட்கிறார், ஏற்கட்டுமா?' என்று ஆட்டக்காரர் வினவினால், 'ஆம்' என்னலாம், 'வேண்டாம்' என்னலாம், 'உன் விருப்பம்' என்று அவரிடமே விட்டுவிடலாம். ஆனால் பலகையின்மேல் உள்ள நிலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. 'நீ வெல்கிறாய்' எனலாகாது. 'நீ தோற்கிறாய்' எனலாகாது. அணியின் நிலைமை வேறு. ஆட்டத்தின் நிலைமை வேறு. முன்னதைப் பற்றி மட்டுமே தலைவன் பேசலாம்.

இவ்விதி ஏமாற்றுவித்தையைத் தடுக்க எழுந்தது என்பது வெளிப்படை. ஒருவர் ஆட்டத்தை இருவர் சேர்ந்து ஆடலாகாதன்றோ? ஆனால் எண்ண எண்ண, அதனுள்ளே ஓர் அறநூலே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. சங்கம் என் ஆதாயத்தைக் கேட்கலாம். என் அறிவைத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாகாது. எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லலாம். நான் எதைக் காண வேண்டும் என்று சொல்லலாகாது. அன்றியும், தலைவன் சொல்வது ஆலோசனையே தவிர ஆணையன்று. காயை எடுத்து வைப்பது ஆட்டக்காரர் கை. அந்தக் கையை எந்தத் தலைவனும் பிடித்து நகர்த்த முடியாது. கிள்ளானில் சங்கம் மக்களிடம் கூலியைக் கேட்டது. எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிக் கேட்டது. கங்காணி மனிதனையே கேட்டான், காரணம் சொல்லவில்லை. வேறுபாடு இங்கேதான்.

இதற்கு எல்லை ஒன்றும் உண்டு. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. விட்டுக்கொடுத்தல் நல்லது என்றவுடன், தோழமையின் பெயரால் நடக்கும் எல்லா விட்டுக்கொடுத்தலும் நல்லதாகிவிடாது. 1962-ஆம் ஆண்டு குராசோ தீவில், உலகச் சாம்பியனோடு மோதத் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடந்தது. அது அணிப் போட்டியன்று. ஒவ்வொருவரும் தமக்காக ஆட வந்த போட்டி. அதில் சோவியத் நாட்டவரான பெட்ரோசியன், கேரெஸ், கெல்லர் என்னும் மூவரும் தங்களுக்குள் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களையும் சமனாகவே முடித்துக்கொண்டனர். அவற்றிற் பல, போர் தொடங்குமுன்னரே முடிந்தவை. அமெரிக்க இளைஞர் பாபி ஃபிஷர் இதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். மூவருக்குள்ளும் உடன்பாடு இருந்ததென்று சோவியத் தரப்பைச் சேர்ந்த யூரி அவெர்பாக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார். உலகச் சம்மேளனமும் அதன்பின் அந்தப் போட்டிமுறையையே மாற்றி, இருவர் இருவராக மோதும் பந்தயங்களாக்கியது.

அங்கேயும் அரைப் புள்ளிதான். இங்கேயும் அரைப் புள்ளிதான். குற்றம் எதில்? எங்கள் சிறுமி சமன் கேட்டது எல்லார் கண்ணுக்கும் தெரிந்த அணிக்காக. எதிரணியும் அதே உரிமையோடு ஆடியது. அவள் இழந்தது தன்னுடையதை. குராசோவில் மூவரும் மறைவாக ஓர் அணியாகி, அணியே இல்லாதவரை எதிர்த்தனர். அவர்கள் விட்டுக்கொடுத்ததன் விலையைச் செலுத்தியவர்கள் மற்ற ஆட்டக்காரர்கள். தன் பங்கை விடுவது தியாகம். பிறன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு அதற்குத் தோழமை என்று பெயரிடுவது திருட்டு. சங்கத்தின் பேரால் உறவினனுக்கு வேலை கொடுப்பவர்களும், சாதியின் பேரால் ஓட்டுக் கேட்பவர்களும் செய்வது இந்த இரண்டாவது வகையே.

இனி, விட்டுக்கொடாமல் ஆடியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த மாமல்லபுரத்தில் 44-ஆவது ஒலிம்பியாட் நடந்தது. இந்தியாவின் இரண்டாம் அணியில் முதற் பலகையில் ஆடியவர் சென்னை இளைஞர் குகேஷ். அப்போது அவருக்கு வயது 16. முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார். பத்தாம் சுற்றில் எதிரணி உஸ்பெகிஸ்தான். அவருக்கு எதிரே அப்துசத்தோரோவ். பிரக்ஞானந்தா தம் பலகையில் வென்றார். வேறு இரண்டு பலகைகள் சமன். குகேஷ் சிறிதாயினும் சமன் செய்திருந்தால் பந்தயம் இந்தியாவுக்கு. அவரோ வெல்லும் நிலையில் இருந்தவர். அந்நிலை கைநழுவிய பின்னும் வெற்றிக்கே முயன்றார். நேர நெருக்கடியில் பெரும்பிழை செய்து தோற்றார். பந்தயம் இரண்டுக்கு இரண்டு ஆயிற்று. முடிவில் உஸ்பெகிஸ்தான் தங்கம் பெற்றது, அர்மீனியா வெள்ளி, அந்த இளைஞர் அணிக்கு வெண்கலம்.

"பார்த்தீர்களா? பேராசை பெருநஷ்டம்" என்று கூறுவோர் கூறட்டும். நான் அவ்வாறு கூற மாட்டேன். அந்த அணி வெண்கலம்வரை வந்ததே அந்த இளைஞர் அதே துணிவோடு ஆடி எடுத்த எட்டு வெற்றிகளால் அன்றோ? எட்டு நாள் ஒருவன் துணிவால் வாழ்ந்த அணி, பின்னர் ஒரு முறை அத்துணிவு தவறியதும் அவனைப் பழிப்பது நன்றிகொன்ற செயலாகும். அந்த அணி அவ்வாறு செய்யவில்லை. மறுநாள் ஜெர்மனிக்கு எதிராக மீண்டும் முதற் பலகையில் அவரையே அமர்த்தினார்கள்; அவர் சமன் செய்தார்; அணி மூன்றுக்கு ஒன்று என்று வென்றது. முதற் பலகைக்குரிய தனித் தங்கம் அவருக்கே கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 2024-இல் புடாபெஸ்ட் நகரில், அவரும் பிரக்ஞானந்தாவும் இருந்த இந்திய அணி பதினொரு பந்தயங்களில் பத்தை வென்று, ஒன்றைச் சமன் செய்து, தங்கம் பெற்றது. சமனான அந்த ஒன்று மீண்டும் உஸ்பெகிஸ்தானுடன்தான்.

இந்த வரலாற்றை வைத்து, 'எப்போதும் சமன் கேள்' என்றும் விதி செய்ய முடியாது. 'எப்போதும் வெற்றிக்கே ஆடு' என்றும் விதி செய்ய முடியாது. ஆடுகிறவர்தாம் அந்த நொடியில் தீர்மானிக்க வேண்டும். தலைவனால் செய்யக்கூடியது, அவர் நன்றாகத் தீர்மானிப்பதற்கு வேண்டியதைக் கொடுப்பதே.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். "நான் தோற்றுவிடுவேன் என்று நினைக்கிறீர்களா?" என்று அச்சிறுமி கேட்டாளே, அதற்குப் பலகையருகே நான் விடை கூறாதது விதிப்படி சரி. மறுநாளும் கூறவில்லை, அதற்கு எந்த விதியும் இல்லை. ஒரு வாரம் அதை எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மை யாதெனில், அவள் தோற்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற ஒரு கட்டத்தில் ஓர் இளைஞனை அவன் போக்கில் விட்டேன். அவன் வெற்றிக்கு முயன்று தோற்றான், பந்தயமும் போயிற்று. அன்று தேநீர்க் கடையில் ஒருவர், "தலைவர் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று என் காதுபடக் கேட்டார். அந்தச் சொல் என்னை விடவில்லை. சிறுமியிடம் நான் சென்றபோது என்னைச் செலுத்தியது அணியின் தேவை பாதி. அந்தச் சொல்லின்மேல் இருந்த அச்சம் பாதி. அணியின் பேரால் கேட்டேன். என் மானத்திற்காகவும் வாங்கிக்கொண்டேன். ஆகவே அவள் கொடுத்த அரைப் புள்ளியில் ஒரு பங்கு எனக்கு வந்திருக்கிறது. தலைவர் என்று பெயர் தாங்கிய எத்தனை பேர் இவ்வாறு வாங்குகிறோம்!

அடுத்த வாரக் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும், இதை அவளிடம் சொன்னேன். மூத்தவர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "சின்னப் பிள்ளையிடம் போய் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா?" என்றார்கள். அவள் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "சங்கத்துக்கென்று கேட்டால் மறுபடியும் கொடுப்பேன், ஐயா. ஆனால் சங்கத்துக்குத்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றாள்.

அன்று நாங்கள் மூன்று தீர்மானங்கள் செய்தோம். ஒன்று: ஒவ்வொரு பந்தயத்திற்கும் முன்னதாக, எந்த நிலைமை வந்தால் எவரிடம் என்ன கேட்க நேரிடும் என்பதைத் தலைவன் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். இரண்டு: அணியின் தேவை வெளிப்படையாக இல்லாத இடத்தில், விதி கொடுத்திருக்கும் மூன்றாவது விடையையே, அதாவது 'உன் விருப்பம்' என்பதையே, தலைவன் கூற வேண்டும். மூன்று: கேட்டு வாங்கிய ஒவ்வோர் அரைப் புள்ளியும் சங்கக் குறிப்பேட்டில் கொடுத்தவர் பெயரால் எழுதப்பட வேண்டும். வென்றவர் பெயரை எல்லாரும் எழுதுகிறார்கள். கொடுத்தவர் பெயரை எழுத ஒரு வரியாவது வேண்டாமா?

இவ்வாண்டுப் போட்டியில் அதே நிலைமை மறுபடியும் வந்தது. இரண்டுக்கு ஒன்று, மீதி அவள் பலகை. எதிரில் இருந்தவர் சமன் கேட்டார். முதற்சுற்றுதான், முன்னே பல பந்தயங்கள் இருந்தன. அவள் என்னை நோக்கினாள். "உன் விருப்பம், அம்மா" என்றேன். அவள் சமனை மறுத்து ஆடினாள். நாற்பது நிமிடம் போராடித் தோற்றாள். பந்தயம் இரண்டுக்கு இரண்டு.

வெளியே வந்ததும், எதிர்பார்த்தபடியே ஒருவர் கேட்டார்: "தலைவர் என்ன செய்துகொண்டிருந்தார்?"

"அவளை ஆடவிட்டுக்கொண்டிருந்தேன்" என்றேன்.

அவளோ தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, தான் பிழைவிட்ட இடத்தை மற்ற மூவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். யானையை ஒரு கட்டம் முன்பே நகர்த்தியிருக்க வேண்டுமாம்.